எடைக்கு எடை வெல்லம்

தம்பி,

"சாப்டியா?"ன்னு கேக்காம உனக்கு ஒரு கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு இம்புட்டு வருஷம் ஆயிருக்கு. நம்ம ஊர்ல ஒருத்தரைப் பாத்தா வாயில வர்ற முதல் வார்த்தையே அதுதானே. சண்டை போட வந்தவனைக்கூட மொதல்ல சாப்டியான்னு கேட்டுட்டுத்தான் சட்டையைப் பிடிப்போம். அந்த ஒரு வார்த்தை உனக்கு எம்புட்டு பாரமா இருந்துச்சுன்னு புரிஞ்சுக்க எனக்கு ஒரு டாக்டரம்மா வேண்டியிருந்துச்சு. அதனால வேற மாதிரி ஆரம்பிக்கிறேன். இங்க நல்ல மழை. ஆனையூர் வீட்டு வாசல்ல கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குது. உங்கம்மா கல்யாணப் பத்திரிக்கை வைக்கப் பேரையூர் போயிருக்கா. நான் மண்டியில உக்காந்து, மண்டி லெட்டர் பேடுலயே எழுதுறேன். இன்னும் இருபது நாள்ல உனக்குக் கல்யாணம்.

போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் சரியாப் பதில் சொல்லல. பாதியில நிக்கிற கோவில் நேர்ச்சையைக் கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிரணும்ன்னு உங்கம்மா அழுதா. நீ, "அம்மா அழுகுறாகன்னா நான் தராசுல உக்காந்துர்றேன்ப்பா. அஞ்சு நிமிஷம்தானே, சமாளிச்சுருவேன்"ன்ன. நான் "சரி, பாப்போம்"ன்னு போனை வச்சுட்டேன். அந்தப் "பாப்போம்"க்கு என்ன அர்த்தம்ன்னு இந்தக் கடிதம் முடியிறப்ப உனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி நான் ஒத்துக்கிட வேண்டியது கொஞ்சம் இருக்கு. நீ பெங்களூர்ல மாசம் ஒரு தடவை ஒரு கூட்டம் நடத்துறியே, சாப்பாட்டோட மல்லுக்கட்டுற புள்ளைகளும் அவுகளைப் பெத்தவுகளும் வர்றாகன்னு சொன்னேல்ல, அவுக கையிலயும் இதைக் குடு. படிக்கட்டும். மறைக்க என்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல. முன்னாடி இருந்துச்சு, அதையும் சொல்றேன்.

நான் வெல்ல மண்டிக்காரன். அலங்காநல்லூர்ப் பக்கத்துலருந்து நம்ம சந்துக்கு வெல்லம் மூட்டை மூட்டையா வந்து இறங்கும். இறங்குற ஒவ்வொரு மூட்டையும் மேடைத் தராசுல ஏறும், மண்டி ஆளு வீரணன் எடையைச் சத்தமாச் சொல்லுவான், நான் தலையை ஆட்டுவேன், அடுத்தது ஏறும். நான் கையெழுத்துப் போடப் பழகுறதுக்கு முன்னாடியே எடை பாக்கப் பழகுனவன். நீ நடக்க ஆரம்பிச்ச நாள்லருந்து சனிக்கிழமை மத்தியானம் உன்னையும் அந்த மேடையில நிக்க வச்சேன். "நம்ம சின்ன மூட்டை இந்த வாரம் எம்புட்டுண்ணே?"ன்னு வீரணன் கேப்பான். நான் முள்ளைப் பாத்துச் சொல்லுவேன். எடை கூடியிருந்தா சுமை தூக்குற அத்தனை பேரும் கை தட்டுவாக, ஒரு உருண்டை வெல்லத்தை உடைச்சு உன் வாயில போடுவாக. புள்ளை கொழுகொழுன்னு இருந்தா அப்பன் நல்லா வச்சிருக்கான்னு அர்த்தம். எனக்கு அம்புட்டுதான் தெரியும். சத்தியமா அதுல கேலி ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சேன்.

ஒரு சனிக்கிழமை எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. நீ ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. மேடையில ஏறி நின்னுட்டு, ஒரு கால் பெருவிரலை மட்டும் பைய வெளிய நீட்டித் தரையில ஊனிக்கிட்ட. எடை கம்மியாக் காட்டணுமாம். நான் அதைக் கண்டுபிடிச்சுட்டேன், வியாபாரியாச்சே. "யேய், இங்க பாருங்கப்பா, மண்டிக்காரன் மகன் எடையில கள்ளம் பண்றான்!"ன்னு கத்துனேன். சந்தே சிரிச்சுச்சு. நீயும் சிரிச்ச. நீ சிரிச்சதால நான் மேற்கொண்டு ஒண்ணும் யோசிக்கல. ஒரு புள்ளை ஏன் தன் எடையைத் திருடப் பாக்குதுன்னு அன்னைக்கு ஒரு நிமிஷம் நான் யோசிச்சிருந்தா, தம்பி, மிச்சக் கதையில பாதி இல்லாமப் போயிருக்கும்ன்னு நான் நம்புறேன். டாக்டரம்மா அப்படி இல்லன்னு சொன்னாக. ஒரே ஒரு காரணத்தால இது வர்றதில்ல, உங்களை நீங்களே அடிச்சுக்கிட்டா உங்க பையனுக்குப் பிரயோஜனமில்லன்னு சொன்னாக. சரி. ஆனாலும் அந்தப் பெருவிரலை நான் மறக்க மாட்டேன்.

பதினொண்ணாம் வகுப்புல நீ மெலிய ஆரம்பிச்ச. அப்ப நான் என்ன செஞ்சேன்னு சொன்னா இதைப் படிக்கிற அப்பன்மாரெல்லாம் தலையில அடிச்சுக்கிருவாக. பெருமைப்பட்டேன்! தட்டுல கை வைக்கிறது குறைஞ்சுச்சு, மைதானத்துல ஓடுறது கூடுச்சு, பேச்சு நின்னுச்சு. நான் "பையனுக்குப் பொறுப்பு வந்துருச்சு"ன்னு ஊரெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வர்றவுககிட்ட உன்னயக் கூப்பிட்டு நிப்பாட்டிக் காட்டினேன். ஒரு வாட்ச் வாங்கிக் குடுத்தேன். அந்த வாட்ச் உன் கையில நிக்கல. வாருல இன்னொரு ஓட்டை போடச் சொல்லி நானே ரெண்டு தடவை கடைக்குக் கொண்டு போனேன். வாட்ச்சைத்தான் பாத்தேன், கையைப் பாக்கல. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல காலைப் பிரேயர்ல நீ மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில சேத்து, வயித்து டாக்டர் பாத்து, ரத்தம் பாத்து, ஸ்கேன் பாத்து, கடைசியா அந்த மனநல டாக்டரம்மா முன்னாடி வந்து உக்காந்தோம். அவுக விளக்கிச் சொல்லச் சொல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. "சாப்பிடாம இருக்கிறது ஒரு நோயாம்மா? அதுவும் ஆம்பளப் புள்ளைக்கா?"ன்னேன். அவுக என்னைய நிமிந்து பாத்து, "ஆம்பளப் புள்ளைக்கும் வரும்ங்க. உங்கள மாதிரி அப்பாக்கமாரு நம்ப மாட்டேங்கிறதாலதான் இம்புட்டு லேட்டா வர்றாங்க"ன்னாக. மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அடிக்க வேண்டிய மூஞ்சிதான்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் உங்கம்மா நேந்துக்கிட்டா. மஞ்சத் துணியில காசை முடிஞ்சு வச்சு, எம்புள்ள தேறி எந்திரிச்சா பேரையூர்க் குலசாமிக்கு எடைக்கு எடை வெல்லம் போடுறேன்னு வேண்டிக்கிட்டா. வெல்ல மண்டிக்காரன் வீட்டு நேர்ச்சை வேற என்னவா இருக்கும்? எனக்கும் அது ரொம்பச் சரியாப் பட்டுச்சு. எடைதானே போச்சு, எடையாலயே சாமிக்கு நன்றி சொல்லுவோம்ன்னு நெனச்சேன். எங்க ரெண்டு பேருக்கும் புத்தி அந்தத் தராசைத் தாண்டிப் போகலப்பா. எட்டு மாசத்துல நீ ஓரளவுக்குத் தேறுன. டாக்டரம்மா உன்னய எடை மிஷினுல திரும்பி நிக்க வச்சு, உனக்குத் தெரியாம அவுக மட்டும் குறிச்சுக்கிட்டு இருந்த நேரம் அது. நாங்க என்ன செஞ்சோம்? மண்டியில இருந்து வெல்லத்தை ஏத்திக்கிட்டு, சொந்தக்காரங்க அறுபது பேரைக் கூட்டிக்கிட்டு, கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். கார்ல நீ, "அப்பா, வேணாம்ப்பா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்ன. நான் முன் சீட்டுல திரும்பாமலே, "சாமி காரியம்டா. அஞ்சு நிமிஷம்"ன்னேன்.

அந்த அஞ்சு நிமிஷத்தை நான் இப்ப உன் கண்ணு வழியா பாக்கப் பழகிட்டேன். இரும்புக் கால் நட்டு, சங்கிலி போட்டு, பெரிய தராசு தொங்குது. ஒரு தட்டுல நீ சம்மணம் போட்டு உக்காந்திருக்க, சட்டையக் கழட்டி, துண்டு கட்டிக்கிட்டு. எதிர்த்தட்டுல மாமா, சித்தப்பா, அத்தை எல்லாரும் ஆளுக்கொரு மண்டவெல்லமா வைக்கிறாக. "இன்னும் வையி, இன்னும் வையி!" "பையன் தேறிட்டான்யா!" "அடேங்கப்பா, இன்னும் தூக்கல பாரு!" பேரையூர் அத்தை குலவை போடுறாக. எல்லாரும் சந்தோசத்துலதான் கத்துனோம். ஒருத்தருக்கும் ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. நீ கண்ணை மூடிக்கிட்டு, சங்கிலியைப் பிடிச்சிருந்த கை வெளுத்துப் போய் உக்காந்திருந்த. தட்டு தரையை விட்டு எழும்புறதுக்கு முன்னாடி இறங்கிட்ட. யாரையும் பாக்கல. பருத்திக் காட்டுக்குள்ள நடந்து ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸுல ஏறிட்ட. நான் பின்னாடியே ஓடிவந்து, "சாமி முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேடா!"ன்னு கத்துனேன். பஸ் ஜன்னல்லருந்து அது உனக்குக் கேட்டுச்சுன்னு பிறகு நீ சொன்ன. கேக்காம இருந்திருக்கக் கூடாதான்னு இன்னைக்கும் நெனைக்கிறேன். பாதி வெல்லத்தைச் சாமிக்கே விட்டுட்டு வந்தோம். எட்டு மாசம் நீ பாடுபட்டுச் சேத்தது அடுத்த நாலு மாசத்துல கரைஞ்சு போச்சு.

இப்ப நல்ல பகுதிக்கு வாரேன். டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் தனியாக் கூப்பிட்டு வச்சுப் பேசுனாக. வீட்டுல ஒரு ஆளு தெனமும் ஒரு வேளை, ஒரே நேரத்துல, அவன்கூட உக்காந்து சாப்பிடணும்; தட்டைப் பாக்கக்கூடாது, மொகத்தைப் பாத்துப் பேசணும்; சாப்பாட்டைத் தவிர எதைப் பத்தி வேணாலும் பேசலாம்ன்னாக. உங்கம்மாவால முடியல, பாவம், அவளுக்குத் தட்டைப் பாக்காம இருக்கத் தெரியாது. நான் ஏத்துக்கிட்டேன். கல்யாணமாகி அன்னைக்கு வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்ததே கிடையாது. அதுக்கப்புறம் ஒண்ணே கால் வருஷம், லோடு வந்து நின்னாலும் சரி, வீரணன்கிட்ட விட்டுட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டு ஆனையூருக்கு வந்துருவேன். முதல் ஒரு மாசம் நான் செஞ்சது திருட்டு வேலை. வாய் கிரிக்கெட்டைப் பத்திப் பேசும், கண்ணு நீ எத்தனை வாய் வச்சன்னு எண்ணும். உனக்கு அது தெரியும். ஒருநாள் நீ, "பன்னெண்டுப்பா. எண்ணி முடிச்சாச்சுல்ல, இப்ப பேசுங்க"ன்ன. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னையிலிருந்துதான் ஒழுங்கா உக்காந்தேன்.

அப்படி ஒருநாள் சொன்னதுதான் அந்தக் குரங்குக் கதை. நம்ம லாரி அழகர்கோவில் ரோட்டுல டயர் வெடிச்சு நின்னுபோச்சு. டிரைவர் ஸ்டெப்னி மாட்டக் குனிஞ்ச நேரத்துல குரங்குக் கூட்டம் தார்ப்பாயைக் கிழிச்சு உள்ள எறங்கிருச்சு. போன்ல என்கிட்ட அவன் அழுகாத குறையா, "அண்ணே, லோடு மரத்துல ஏறிப் போகுதுண்ணே!"ங்கிறான். எனக்கு ஒண்ணும் விளங்கல. "ஏண்டா, குடிச்சிருக்கியா?"ங்கிறேன். "இல்லண்ணே, ஒண்ணு கிளீனர் சட்டையைப் போட்டுக்கிட்டு வெல்லத்தோட உக்காந்திருக்குண்ணே"ங்கிறான். நீ சிரிச்ச. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் உன் பல்லைப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே, பேச்சு வாக்குல, குழம்புக் கிண்ணத்தை நீயே இழுத்து இன்னொரு கரண்டி ஊத்திக்கிட்ட. நான் தட்டைப் பாக்கல. சுவத்துக் காலண்டரைப் பாத்தேன். கண்ணு ரெண்டும் நெறஞ்சு, காலண்டர்ல தேதி ஒண்ணும் தெரியல. உள்ள அடுப்படியில உங்கம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னா.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நீ செஞ்சது. நாங்க பக்கத்துல நின்னோம், அம்புட்டுதான். இதை நான் மறுபடி மறுபடி சொல்லுவேன், ஏன்னா ஊர்ல, "டாக்டர் காப்பாத்துனாக, சாமி காப்பாத்துச்சு"ம்பாக. அவுகளும் காப்பாத்துனாக, இல்லங்கல. ஆனா பசியே இல்லாதப்பவும், சோத்தைப் பாத்தாலே பயமா இருக்கிறப்பவும், ஒரு நாளைக்கு மூணு தடவை தட்டு முன்னாடி வந்து உக்காந்தது யாரு? ஹாஸ்டல் மெஸ்ஸுல சுத்தி நூறு பேர் இருக்க உக்காந்தது யாரு? பெங்களூர் ஆபீஸ்ல யாரு அதிகமா எடை குறைக்கிறான்னு போட்டி வச்சப்ப, "எனக்கு இது ஆகாது, நான் வரல"ன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொன்னது யாரு? நம்ம சித்தப்பா மகள் கல்யாணத்துல, மண்டபம் நெறஞ்ச கூட்டத்துல, உன் மாமன், "என்ன மாப்ள, சதை போட்டுட்ட?"ன்னு கேட்டப்ப நான் குறுக்க விழப் பாத்தேன். நீ சாவகாசமா, "ஆமா மாமா, ரொம்பக் கஷ்டப்பட்டுப் போட்டது"ன்ன. அவருக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. அந்த எடத்துலயே உன்னயக் கட்டிப்பிடிச்சிருக்கணும். போட்டோக்காரன் கூப்பிட்டான்னு போயிட்டேன், புத்தி கெட்டவன்.

வேலைக்குப் போன மூணாவது வருஷம் நீ பண்ண ஒரு போன்தான் எனக்கு எல்லாத்தையும் விடப் பெருசு. "அப்பா, பழசு திரும்பி வருதுப்பா. வேலை ஜாஸ்தி, தூக்கமில்ல, மறுபடியும் சாப்பாட்டைத் தள்ள ஆரம்பிச்சுட்டேன். டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். நீங்க பயப்படாதீங்க. ஒரு பத்து நாள் மத்தியானம் வீடியோ கால்ல என்கூட சாப்பிடுறீங்களா?"ன்ன. மறைக்கல, முத்தட்டும்ன்னு விடல. பயந்த வயசுல பெருவிரலை ஊனி மறைச்ச புள்ளை, வளந்த பிறகு தானா வந்து சொல்லுச்சு. நான் மண்டியிலயே டிபன் கேரியரை விரிச்சேன். போனை ஒரு மண்டவெல்லத்துல சாச்சு வச்சேன், அது சரிஞ்சு சரிஞ்சு விழுந்துச்சு. வீரணன் வந்து பிடிச்சுக்கிட்டு நின்னான். "சின்னவரே, நான் எடையெல்லாம் சொல்ல மாட்டேன், சும்மா போன் ஸ்டாண்டுதான்"ன்னான். நீ அங்க சிரிச்ச. பத்து நாள் முப்பது நாள் ஆச்சு. இன்னைக்கும் சில மத்தியானம் நீ கூப்பிடுற. அந்த நேரத்துல லோடு வந்தா காத்துக்கெடக்கும்.

இப்ப நான் மறைச்ச கதை. பவித்ரா வீட்டுல பேச்சு ஆரம்பிச்சப்ப, "இதையெல்லாம் அவுககிட்ட சொல்லித் தொலைக்காதடா"ன்னு நான்தான் சொன்னேன். எவ்வளவு படிச்சும், எவ்வளவு பட்டும், பொண்ணு வீடுன்னதும் பழைய ஆளா ஆயிட்டேன். நீ எதிர்த்துப் பேசல. ரெண்டாவது சந்திப்புலயே பவித்ராகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்ட. அதோட விடாம, திருமங்கலம் போய் அவ அப்பாகிட்டயும் சொல்லிட்ட. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். கல்யாணமான மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு விருந்து வச்சு, கோழி, ஆடு, நண்டு, கோலா உருண்டைன்னு இலை தெரியாம அடுக்கி, எந்திரிக்க விடாம அமுக்கிப் பிடிச்சு ஊட்டுற ஊரு நம்மது. வேணாம்ன்னு சொன்னா பொண்ணு வீட்டை அவமானப்படுத்துனதா ஆகிப்போகும். அதுக்குப் பயந்துதான் நீ முன்கூட்டியே சொன்ன. அவர் என்ன சொன்னார்ன்னு அவரே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்: "சம்பந்தி, முப்பது வருசம் பஸ்ஸுல நின்னவன் நான். எந்த ஸ்டாப்புல எறங்கணும்ன்னு ஏறுனவுகதான் சொல்லணும், நான் பிடிச்சுத் தள்ளக்கூடாது. மாப்ளைக்கு என்ன வைக்கணும், எப்ப நிறுத்தணும்ன்னு அவரே சொல்லட்டும். எங்க சொந்தக்காரவுகளுக்கு நான் சொல்லிக்கிர்றேன்." அவர் பேசி முடிச்ச பிறகும் போனைக் காதுல வச்சுக்கிட்டே நின்னேன். என் மகன் என்னைய விடப் பெரிய மனுஷன்னு எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. சொல்லவும் செஞ்சேன், உங்கம்மாகிட்ட. உன்கிட்ட இப்பத்தான் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் அப்பனா சொல்லிக்கிர்றேன். இந்த நோய் முழுசா ஒழிஞ்சு போச்சுன்னு நீயும் சொன்னதில்ல, டாக்டரம்மாவும் சொன்னதில்ல. வீடு மாறும், வேலை மாறும், புள்ளை பொறக்கும், நாங்க ஒருநாள் இருக்க மாட்டோம். அப்பல்லாம் அது வந்து கதவைத் தட்டலாம். தட்டுனா அன்னைக்கு மாதிரியே யார்கிட்டயாவது சொல்லிரு. பவித்ராகிட்ட சொல்லு, ஆனா அவளை உன் தட்டுக்குக் காவக்காரி ஆக்கிராத, அவ உனக்குப் பொண்டாட்டி. டாக்டர்கிட்ட போறதை நிறுத்தாத. உங்களுக்குப் புள்ளை பொறந்து இங்க தூக்கிட்டு வந்தா, மேடைத் தராசுப் பக்கம் அது வெளையாடப் போகட்டும், ஏறி நிக்க மட்டும் நான் விட மாட்டேன்.

சரி, அந்தப் "பாப்போம்"க்கு வாரேன். நேர்ச்சையைப் பாதியில விட்டா அது கல்யாணத்துல வந்து நிக்கும்ன்னு பேரையூர் அத்தை உங்கம்மா மனசுல போட்டுட்டாக. அதான் அவ அழுதா. அவ அழுகுறதுக்காக நீ மறுபடியும் அந்தத் தட்டுல ஏறத் தயாரான. "அஞ்சு நிமிஷம்தானே"ன்ன. தம்பி, அது உன் வார்த்தை இல்ல. அன்னைக்குக் கார்ல நான் திரும்பாமலே சொன்ன வார்த்தை. அதை உன் வாயிலருந்து கேட்ட பிறகு எனக்குச் சோறு எறங்கல. நல்லா இருக்கிற புள்ளையைக் கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கையில பழைய கெணத்துல நானே தள்ளிவிடவா?

வெள்ளிக்கிழமை காலையில குட்டியானை வண்டியில வெல்லத்தை ஏத்தச் சொன்னேன். வீரணன் வண்டியோட வந்தான். உங்கம்மா, அத்தை, நான், வேற யாரும் இல்ல. தராசைக் கட்டிட்டுப் பூசாரி, "தம்பி எங்க?"ன்னார். நான் சட்டையைக் கழட்டி வீரணன் கையில குடுத்தேன். "நான்தான் உக்காரப் போறேன்"ன்னேன். "நேந்தது மகனுக்குல்லண்ணே?"ன்னார். "நேந்த வாய் எங்க வாய். அவனை யாரு கேட்டா? அன்னைக்கு அவன் வேணாம்ன்னு சொன்னான், உக்கார வச்சது நான். மிச்சத்தை நான் உக்காந்து முடிக்கிறேன். சாமிக்கு வெல்லம் எடை குறையாது, நான் அவனை விடக் கனம்தான்"ன்னேன். அவர் சாமியைப் பாத்தார், என்னையப் பாத்தார், சிரிச்சுட்டு விபூதி பூசுனார். அத்தை என்னமோ சொல்ல வாயெடுத்தாக. உங்கம்மா அவுக கையைப் பிடிச்சு நிறுத்திட்டா.

ஏறி உக்காந்தேன். ரெண்டு கையாலயும் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டேன். பொங்கல் வைக்க வந்த நாலஞ்சு பொம்பளைக அடுப்பை விட்டுட்டு வேடிக்கை பாக்க வந்து நின்னாக. முதல் வெல்லம் எதிர்த்தட்டுல விழுந்துச்சு. அந்த நேரத்துல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வயித்தை எக்கிக்கிட்டேன். அறுபத்தோரு வயசு, மண்டிக்காரன், தொப்பையைத் தடவிக்கிட்டே ஆயிரமாயிரம் மூட்டை எடை பாத்தவன், யாரோ தெரியாத பொம்பளைக முன்னாடி மூச்சை இழுத்து வயித்தை உள்ள தள்ளிக்கிட்டு உக்காந்திருக்கேன்! ஏன்னு எனக்கே தெரியல. "இன்னும் வையி, இன்னும் வையி! என் தம்பி நல்லா வளந்திருக்கான்!"ன்னு அத்தை சிரிச்சாக. எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. எறங்கி ஓடிரலாமான்னு இருந்துச்சு. பருத்திக் காடு அங்கனயேதான் இருக்கு, தம்பி. ரோடும் அங்கனயேதான் இருக்கு.

உங்கம்மா கையில வெல்லத்தோட அப்படியே நின்னுட்டா. என் மொகத்தைப் பாத்தா. "மதினி, அன்னைக்கும் இப்படித்தானே சொன்னோம்"ன்னா. அதுக்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசல. உங்கம்மா ஒவ்வொண்ணா, சத்தமில்லாம, அழுதுக்கிட்டே எடுத்து வச்சா. என் தட்டு தரையை விட்டு எழும்புச்சு. தட்டு நேரா வந்து நின்னுச்சு. பழக்கத்துல வீரணன் எடையைச் சொல்ல வாயைத் திறந்தான், உங்கம்மா திரும்பி ஒரு பார்வை பாத்தா, கப்புன்னு மூடிக்கிட்டான். எறங்குனேன். அத்தை என் முதுகுல துண்டைப் போட்டுவிட்டு, "அந்தப் புள்ளையை நான் நேர்ல பாத்துப் பேசிக்கிர்றேன்"னு மட்டும் சொன்னாக. நேர்ச்சை முடிஞ்சுச்சு. இனிமே உனக்கும் அந்தத் தராசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உங்கம்மாவே சொல்லச் சொன்னா.

அன்னைக்கு பஸ் ஜன்னலைப் பாத்து நான் கத்துனேனே, என் மானத்தை வாங்கிட்டியேன்னு, அதை இந்தக் கடிதத்துல திருப்பி எடுத்துக்கிர்றேன். எனக்கு மானம்ன்னு ஒண்ணு இருந்தா அது நீதான்.

கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அப்பன் பந்தியில இலை இலையா நின்னு, "இன்னும் வையி, இன்னும் வையி"ன்னு உபசரிக்கணும், அதுதான் மொறை. நான் நிக்கப் போறதில்ல. வீரணனை நிக்கச் சொல்லிட்டேன், வந்தவுக கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிறட்டும். உன் இலைக்கு ஒரு பக்கம் பவித்ரா. இன்னொரு பக்கத்து இலை எனக்கு. அந்தக் கிளீனர் சட்டையைக் குரங்குகிட்டருந்து எப்படித் திரும்ப வாங்குனோம்ன்னு நான் உனக்கு இன்னும் சொல்லவே இல்ல.

உன் அப்பா